கம்ப்ரசர் தொடாத குரல்

தன் குரலைத் தானே மெச்சிக்கொள்ளும் பாடகர் ஒருத்தர் இருந்தார், பேர் அருமைநாயகம். ஒலிப்பதிவு வேலைக்குப் புதுசாய் வந்த செண்பகவல்லியிடம் கறாராகச் சொன்னார்: "நான் முணுமுணுத்தாலும் கேட்கணும், உச்சத்துக்குப் போனாலும் காது வலிக்கக் கூடாது. ஆனா அந்த கம்ப்ரசர் மெஷின் என் குரலைத் தொட்டா, உனக்கு இங்கே வேலை இல்லை."

"சரிங்கய்யா. மெதுவாப் பாடறப்ப மைக் கிட்ட வாங்க, சத்தமாப் பாடறப்ப பின்னால போங்க."

வரிக்கு வரி முன்னும் பின்னும் நடந்தார். இரண்டாவது சரணத்தில் மூச்சு வாங்கித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"இந்த நடைக்கு வேற ஆள் போடக் கூடாதாம்மா?"

"அந்த ஆள்தாங்கய்யா கம்ப்ரசர். சத்தம் ஏறினா அது அடக்கிக்கும். அப்புறம் மொத்தத்தையும் கொஞ்சம் தூக்கி வெச்சா முணுமுணுப்பும் கேட்கும். நீங்க நின்ன இடத்திலேயே பாடலாம்."

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். "ரொம்ப அடக்கிடாத, தாயி."

அடுத்த பாட்டுக்கு வந்ததும் முதலில் கேட்டார்: "வல்லி இருக்கா? அவளைக் கூப்பிடுங்க. அப்படியே எனக்கு ஒரு நாற்காலியும் போடுங்க."