மணல் மூட்டைக்கு ஒரு டிக்கெட்

சிற்றாற்றங்கரையில் மூடிக் கிடந்த ஒரு நெல் கிட்டங்கியில் உலகம்மை என்று ஒருத்தி இருந்தாள். நாற்பது வயதுதான் இருக்கும். காவி கிடையாது, கழுத்தில் உத்திராட்சக் கொட்டை கிடையாது. ஆனாலும் சுற்று ஊர்க்காரர்கள் ஏதாவது கேட்க வேண்டும் என்றால் அவளிடம்தான் வருவார்கள். பாதிப் பேருக்குப் பதில் சொல்வாள். மீதிப் பேருக்கு ஒரு வேலையைக் கொடுத்து அனுப்பிவிடுவாள்.

சொரிமுத்து அவளுடைய சீடர். ஐம்பத்தாறு வயது, புரோட்டாக் கடைக்காரர். அவர் அவளை அம்மா என்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். இதில் யார் குரு என்று புதிதாக வருகிறவன் கொஞ்ச நேரம் முழிப்பான். அவர்களுக்குள் அந்தக் குழப்பம் இருந்ததில்லை.

சொரிமுத்துவின் மனைவி செண்பகவடிவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் படுக்கப் போட்டு, மெஷினை வைத்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணினார்கள். சொரிமுத்துவைச் சோதித்துப் பார்த்த டாக்டர், இவருடையது அவளுக்குப் பொருந்தும், முதல் தரமாக இருக்கிறது என்றார். ஒரே ஒரு தடை. நூற்றுப் பத்துக் கிலோ ஆளை அறுக்க மாட்டார்கள். தொண்ணூறுக்கு வந்தால் அவருடையதில் ஒன்றை எடுத்து அவளுக்கு வைக்கலாம்.

அன்றைக்கே சோறு, இட்லி, புரோட்டா, சர்க்கரை எல்லாம் நின்றது. முட்டை, மீன், கீரை, மோர், அவ்வளவுதான். ஊருக்கெல்லாம் புரோட்டா வீசிப் போட்டுவிட்டு, கடைக்குப் பின்னால் போய் நின்று இரண்டு அவித்த முட்டையைத் தின்பார். சும்மா சொல்லக் கூடாது, மனுஷன் நாக்கைக் கட்டிவிட்டார். எடைதான் கட்டுப்படவில்லை. முதல் மாதம் நாலு கிலோ இறங்கியது. அடுத்த மாதம் இரண்டு. அதற்கப்புறம் மாதம் ஒன்று, அதுவும் போனால் போகிறதென்று.

ஐந்தாவது மாதம் உலகம்மையிடம் வந்தார்.

"ஏன் இவ்வளவு மெதுவாப் போகுது, அம்மா?"

இதுவரை எவ்வளவு போயிருக்கிறது என்று கேட்டாள். ஒன்பது கிலோ என்றார். கிட்டங்கியின் நடுவில் நெல் நிறுத்த பழைய தராசு தொங்கிக்கொண்டிருந்தது. அதில் ஒன்பது கிலோ ஆற்று மணலை நிறுத்து, ஒரு சாக்கில் கொட்டி, வாயைக் கட்டி அவர் முன்னால் வைத்தாள். உங்களை விட்டுப் போனது இவ்வளவு, வீட்டுக்குக் கொண்டுபோங்க, இனிமேல் குறைகிறதையும் அளந்து இதிலேயே போட்டு வையுங்க என்றாள். எங்கே வைக்க என்று கேட்டார்.

"ஆள் உட்காருகிற இடத்தில."

வடிவு படுத்திருந்த அறையில் ஒரு நாற்காலி இருந்தது. அதில் வைத்தார். ஒவ்வொரு கிலோவாக மணல் சேரச் சேர, சாக்கு கீழே தொய்ந்து தொந்தி விழுந்தது. மேல்பாகம் இடது பக்கம் சரிந்தது. சொரிமுத்து கல்லாவில் அப்படித்தான் உட்காருவார். மணலை எடுத்துக்கொண்டு அவர் போகும்போதெல்லாம் சாக்கின் முடிச்சு அவிழ்ந்தே கிடந்தது. யார் அவிழ்த்தது என்று வீட்டில் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

ஒருநாள் கடையிலிருந்து வந்தவரிடம் வடிவு குறைப்பட்டுக்கொண்டாள். மத்தியானம் வந்து அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தீங்களே, ஒரு வார்த்தை பேசினால் என்ன என்றாள். அவர் காலையிலிருந்து கடையை விட்டு நகரவே இல்லை. நாற்காலியைத் திரும்பிப் பார்த்தார், மூட்டைதான் இருந்தது. அவளோ பயப்படவில்லை. பேசாவிட்டால் என்ன, துணைக்கு ஆள் இருந்தால் சரி என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

தொண்ணூற்றாறில் வந்து எடை நின்றது. ஒன்றரை மாதம் முள் அசையவில்லை. அந்தச் சமயம் பார்த்து வடிவுக்கு முகம் வீங்கியது. மெஷினில் இருக்கும்போதே ஒருநாள் மயங்கிவிட்டாள். இனித் தள்ளிப்போட முடியாது என்றார் டாக்டர்.

சொரிமுத்து யாரையும் கேட்கவில்லை. முட்டையையும் நிறுத்தினார், கீரையையும் நிறுத்தினார். எட்டு நாள் வெறும் தண்ணீர். கண் இருட்டிக்கொண்டு வந்தது, காலெல்லாம் இழுத்துப் பிடித்தது. ஒன்பதாம் நாள் முள் தொண்ணூறில் நின்றது. ஆறு கிலோ மணலை மொத்தமாக அள்ளிக்கொண்டு போனார்.

அன்றைக்கு முடிச்சு அவிழ்ந்திருக்கவில்லை. இழுத்துப் பார்த்தார், பல்லால் கடித்துப் பார்த்தார், கடைசியில் கத்தியால் அறுத்து மணலைக் கொட்டினார். கைகால் கழுவிவிட்டு வந்து பார்த்தால் நாற்காலி காலியாக இருந்தது. மூட்டை வாசல்படி ஓரமாக உட்கார்ந்திருந்தது. வடிவு கட்டிலிலிருந்து அதைப் பார்த்து, இந்த வெயிலில் எங்கே கிளம்பிட்டீங்க என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஆஸ்பத்திரிக்குச் சந்தோஷமாகத்தான் போனார். ரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் எடுத்தார்கள். காகிதத்தைப் பார்த்த டாக்டருக்கு முகம் விழுந்துவிட்டது. எடை சரியாக இருக்கிறது, ஆனால் சிறுநீரகம் கெட்டுக் கிடக்கிறதே, என்ன பண்ணித் தொலைத்தீர்கள் என்று கேட்டார். இதை எடுத்து அவளுக்கு வைத்துப் பிரயோசனம் இல்லை. பழையபடி ஆகுமா என்று சில மாதம் போனால்தான் தெரியும். அதுவரை அவள் தாங்குவாளா என்று சொரிமுத்து கேட்டார். டாக்டர் காகிதத்தை மடித்துக் கையில் கொடுத்தார்.

மறுநாள் காலை மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினார். ஜன்னலோரம் அதை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். கண்டக்டர் வந்து இரண்டு டிக்கெட் கிழித்தார். ஒருத்தர்தான் என்றார் சொரிமுத்து. கண்டக்டர் ஜன்னலோரம் பார்த்தார், அவரைப் பார்த்தார். ஒரு டிக்கெட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு முன்பக்கம் போனவர், இறங்கும்வரை அந்தப் பக்கம் வரவில்லை.

உலகம்மை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். தராசின் ஒரு தட்டில் மூட்டையை வைத்தாள். மறு தட்டில் இருபது கிலோவுக்குப் படிக்கல் வைத்தாள். மூட்டைப் பக்கம் தாழ்ந்தது.

"கூட இருக்கு" என்றாள்.

மணல் ஈரமாக இருக்கும் என்றார் அவர். கையை விட்டுப் பாருங்க என்றாள்.

விட்டார். முழங்கை வரைக்கும் காய்ந்த மணல்தான். அதற்கும் கீழே விரலில் ஏதோ தட்டியது. கைக்குள் அடங்குகிற அளவு, வழவழவென்று, வெதுவெதுப்பாக இருந்தது. வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டார். மறுபடியும் விட்டுப் பிடிக்கப் பார்த்தார். அது நழுவி மணலுக்குள்ளேயே ஆழத்துக்குப் போய்விட்டது. சொரிமுத்து மூட்டையைப் பார்த்தபடி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார்.

"அது வடிவுக்குன்னு வச்சிருந்தது, அம்மா. இவன் எதுக்கு அதை எடுத்தான்?"

"முப்பது வருஷம் உங்ககூட இருந்தவன், அண்ணாச்சி. கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளினா, போற அவசரத்தில கைக்குக் கிடைச்சதை எடுத்துக்கிட்டுத்தான் போவான்."

உள்ளே போய் ஒரு தட்டில் இரண்டு அவித்த முட்டையும் கீரையும் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். மூட்டையை இறக்கி அவர் பக்கத்தில் உட்கார வைத்தாள். சாப்பிடச் சொன்னாள். முதல் முட்டையைப் பிட்டு வாயில் போட்டார். இரண்டாவது முட்டையைப் பிட்டபோது மூட்டை மெல்லச் சரிந்து அவர் தோளில் சாய்ந்தது. சொரிமுத்து உடம்பை அசைக்காமல் மென்று முடித்தார்.

"திருப்பிக் கொடுப்பானா?"

"தெரியாது."

"அதுக்குள்ள வடிவு..." என்றார்.

உலகம்மை சாக்கின் வாயைக் கட்டினாள். முடிச்சை இறுக்கவில்லை.

"அதுவும் எனக்குத் தெரியாது, அண்ணாச்சி. இவனைப் பழைய நாற்காலியிலேயே உட்கார வைங்க. கதவு திறந்தே இருக்கட்டும். 'போ'ன்னு மட்டும் சொல்லாதீங்க."

திரும்புகிற பஸ்ஸிலும் அதே கண்டக்டர்தான். தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்து நின்றார். சொரிமுத்து இரண்டு விரலைக் காட்டினார்.