படி இல்லாத அரண்மனை

முன்னொரு காலத்தில், மனதில் தோன்றியதை ஆறுவதற்குள் உத்தரவாகப் போட்டுவிடும் ராஜா ஒருவர் இருந்தார். ஆறவிட்டால் அவருக்கே மறந்துபோகும். அவருடைய சபையில் மருதவாணன் என்று ஒரு விகடகவி. அவன் வாயைத் திறந்தால் சபை முழுவதும் சிரிக்கும். பொக்கிஷ அதிகாரி வீரராகவருக்கு மட்டும் வயிறு எரியும்.

அந்த நாட்டில் சம்பளத்துக்குப் படி என்று பெயர். மாதம் பிறந்தால் நெல்லாக அளந்து கொடுப்பார்கள். ஒரு நாள் வீரராகவர் ராஜாவின் காதில் மெல்ல ஓதினார்.

"பிரபு, தாங்கள் சிரித்த நாளுக்கும் இவருக்குப் படி, சிரிக்காத நாளுக்கும் படி. பொக்கிஷம் தாங்குமா?"

ராஜாவுக்கு அது நியாயமாகப் பட்டது. "மருதவாணரே, இன்று முதல் அரண்மனையில் உமக்குப் படி கிடையாது. உமக்கு இனி நீரே எஜமானர். நாம் சிரித்தால் பரிசு உண்டு. சிரிக்காவிட்டால் இல்லை" என்றார்.

மருதவாணன் அதைப் பெரிய பதவி உயர்வாக நினைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். "தையலு, இனிமே நான் யாருக்கும் கையைக் கட்டி நிக்க வேண்டியதில்ல" என்றான்.

அவன் மனைவி தையல்நாயகி முறத்தைக் கீழே வைத்தாள். "கையைக் கட்ட வேண்டாம், சரி. வயித்தையில்ல கட்டணும்?"

மறுநாளே ராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். பொற்கிழி கிடைத்தது. மருதவாணன் பட்டுப்புடவையும் நெய்க்குடமுமாக வந்து, தெரு முழுக்க லட்டு கொடுத்தான். எஜமானர் ஆயிற்றே, கை தாராளமாகத்தானே இருக்கும். பிறகு ராஜாவுக்குப் பல்வலி வந்தது. பல்வலிக்காரரைச் சிரிக்க வைக்க யாரால் முடியும்? பட்டுப்புடவை விலைக்குப் போயிற்று, நெய்க்குடமும் போயிற்று, அடுப்பில் பூனை தூங்கியது. பல்வலி தீர்ந்தது, மறுபடி கிழி, மறுபடி லட்டு. ராஜா வேட்டைக்குப் போனார், மறுபடி பூனை.

செய்தி ஆற்றுக்கு அக்கரையில் இருந்த மாமனார் காதுக்கு எட்டியது. அவர் ஓடம் ஏறி வந்தார்.

"மாப்பிள்ள, கஞ்சி குடிக்கிற வீடா இருந்தாலும் எனக்குச் சம்மதந்தான். ஆனா தினம் உலை கொதிக்கணும். ஒரு நாள் கல்யாணச் சாப்பாடு, பத்து நாள் பட்டினின்னா பொம்பளப்புள்ள எப்படிக் குடித்தனம் பண்ணுவா?"

மருதவாணனுக்குப் பதில் வரவில்லை. பேச்சை விற்றுப் பிழைப்பவனுக்கு அதுவே பெரிய அவமானம். தையல்நாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்பாவோடு ஓடத்தில் ஏறினாள். "அடுப்பு தினம் எரியட்டும், வந்துடறேன்" என்று மட்டும் சொன்னாள்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. விகடம் கேட்டால் உடனே சிரிக்க மாட்டாள். அவன் வேறு பேச்சுக்குப் போய்விட்ட பிறகு, அடுப்படியிலிருந்து திடீரென்று சிரிப்புச் சத்தம் வரும். இப்போது சபையே உருண்டு புரண்டு சிரித்தாலும், வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் காது அடுப்படிப் பக்கம்தான் போயிற்று. அங்கே ஒரு சத்தமும் இல்லை. ஏங்கிப் போனான் மனிதன். சபைக்குப் போவதையும் விட்டுவிட்டு ஆற்றங்கரையில் உட்கார்ந்து அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீரராகவருக்கு வேறென்ன வேண்டும்? "பிரபு, அவர் தங்களை மதிக்கவில்லை" என்றார். ராஜாவும் சூடாகவே உத்தரவு போட்டார். அன்றைக்கே மருதவாணன் சபைக்கு வந்து சிரிக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நாட்டை விட்டே போக வேண்டும். நாட்டை விட்டுப் போனால் தையல்நாயகி எந்த வீட்டுக்குத் திரும்புவாள்? மருதவாணன் எழுந்து நடந்தான்.

அரண்மனை வாசல் வரை வந்தவன், சபைக்கு ஏறும் படிக்கட்டின் கீழே நின்றுவிட்டான். காவலர்கள் அழைத்தும் ஏறவில்லை. வீரராகவர் மேலேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஏன் நிற்கிறீர்? ஏறி வாரும்."

"எப்படி ஏறுவது ஐயா? அரண்மனையில் எனக்குப் படி கிடையாது என்பது ராஜ உத்தரவு."

"இத்தனை நாளும் ஏறினீரே?"

"உத்தரவை மீறிய குற்றம் இப்போதுதான் உறைத்தது. இனி ஒரு படி மிதித்தாலும் ராஜ துரோகம்."

உள்ளே ராஜா காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போனார். அவருக்கும் மருதவாணன் இல்லாத சபை உப்பில்லாத குழம்பாகத்தான் இருந்தது. கடைசியில் தாமே எழுந்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்தார். கீழே கைகட்டி நின்றவனையும் காலடியில் இருந்த படியையும் மாறி மாறிப் பார்த்தார். சிரிப்பு பீறிட்டது. தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நாம் தோற்றோம், மருதவாணரே. உமது படியைத் திரும்பத் தருகிறோம். மாதாமாதம் நெல் வரும்."

வீரராகவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆனால் மருதவாணன் தலையை ஆட்டினான்.

"வேண்டாம் பிரபு. கொடுத்த படியை இன்னொரு காலையில் எடுத்துவிடுவீர்கள். இன்றைய சிரிப்புக்கு ஒரு பெரிய குதிரும், அது நிறைய நெல்லும் கொடுங்கள். இனிப் பரிசு எப்போது வந்தாலும், எவ்வளவு வந்தாலும் நெல்லாக்கி அதன் மேல்வாயில் கொட்டுவேன். கீழே இருக்கும் துளையில் தினம் ஒரு படிதான் பிடிப்பேன். கொட்டுவது தங்கள் மனம்போல் இருக்கட்டும். பிடிப்பது என் வீட்டு அடுப்பு போல் இருக்கும்."

"மேல்வாயில் யார் கொட்டுவது? மூட்டை கனமாயிற்றே?"

"பொக்கிஷத்து நெல்லைக் கண் போலக் காப்பவர் வீரராகவர். அவர் தோளைவிட நம்பிக்கையான தோள் ஏது?"

ராஜா மறுபடியும் விழுந்து விழுந்து சிரித்து, கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் கொடுத்தார். வீரராகவர் மூட்டை சுமந்தார்.

குதிர் வந்துவிட்டது என்று மருதவாணன் அக்கரைக்கு ஓடவில்லை. தன் கையின் மேலேயே அவனுக்கு நம்பிக்கை இல்லை. முத்துமாலையும் நெல்லாகி உள்ளே போயிற்று. பரிசு குவிந்த நாளில் நண்பர்கள் லட்டுக்கு வந்து நின்றார்கள். மோர் கொடுத்து அனுப்பினான். ராஜா படையெடுத்துப் போய் ஒரு மாதம் ஊரிலேயே இல்லை. அப்போதும் உலை கொதித்தது. பிறகுதான் ஓடம் ஏறினான்.

மாமனார் விடவில்லை. "ராஜா ஊர்ல இல்லாதப்ப என்ன பண்ணுனீங்க?"

"தினம் ஒரு படி நெல்லு குத்திப் பொங்கினேன், மாமா."

"அதுக்கு முந்தி பரிசா கொட்டுச்சாமே, அப்ப?"

"அப்பவும் ஒரு படிதான்."

கதவோரம் நின்ற தையல்நாயகிக்குச் சந்தேகம் வந்தது. "ஒரு படி நெல்லுன்னா அரைப்படி அரிசி வருமே. ஒத்த ஆளுக்கு அவ்வளவு எதுக்கு?"

மருதவாணன் தரையைப் பார்த்தான். "உனக்கும் சேத்துத்தான் பொங்கினேன். ரெண்டு இலை போட்டேன்."

தையல்நாயகி உள்ளே போய்த் துணிமூட்டையை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஓடம் போயிடப் போவுது, வாங்க" என்று அவனுக்கு முன்னால் நடந்தாள்.