சண்முகவடிவின் வலது கை

இருட்டி ஏழரை மணி இருக்கும். பசுவே இல்லாத தெருவில் ஒரு பசு கதறியது.

பிரசவ இல்லத்தின் படியேறிக்கொண்டிருந்த சண்முகவடிவு அப்படியே நின்றுவிட்டாள். அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நீண்டு, சுவரெல்லாம் முட்டிக்கொண்டு வந்தது அந்தச் சத்தம்.

“என்ன டீச்சர் அது?”

“மெர்லின்தான். வலி வந்துட்டு,” என்றாள் ஜெனோவா.

சண்முகவடிவால் நம்ப முடியவில்லை. இருபத்தெட்டு வருஷம் பிரசவ வார்டில் நர்ஸாக இருந்தவள். ஒரு பெண்ணிடமிருந்து இப்படி ஒரு சத்தம் வரும் என்று அவளுக்குத் தெரியாது. வர விட்டதில்லை.

ஓய்வுபெற்ற பிறகு ஜெனோவாவிடம் பிரசவத் துணை பழக வந்திருந்தாள். பெறுகிறவளின் பக்கத்தை விட்டு நகராமல், முதுகு நீவி, தண்ணீர் கொடுத்து, பயம் தெளியவைக்கிற வேலை. ஊசி மருந்தைத் தொடக்கூடாது. அதற்கு அடுத்த அறையில் டாக்டர் இருக்கிறார். ஜெனோவா அவளைவிட இருபத்தைந்து வயது இளையவள். ஆனாலும் டீச்சர் டீச்சர்தானே.

வந்த காரணம் ஒன்றே ஒன்று. மகளுக்கு ஏழாம் மாதம். “என் பிரசவத்துக்கு நீ உள்ள வராதம்மா,” என்று சொல்லிவிட்டாள். “சின்னப்பிள்ளையில உன் வார்டு வாசல்ல எத்தனை நாள் உக்காந்திருக்கேன். எல்லாம் கேட்டுச்சு.”

அறைக்குள் மெர்லின் கட்டில் கம்பியைப் பிடித்துக் குனிந்து நின்றாள். இருபத்திரண்டு வயது. தலைப்பிரசவம். முகமெல்லாம் கண்ணாக இருந்தது.

“முதல்ல நான் என்ன செய்யணும் டீச்சர்?”

“உக்காருங்க.”

“அப்புறம்?”

“உக்காந்தே இருங்க.”

“இதுக்கா மூணு மாசம் படிப்பு?”

வலிக்கு நடுவிலும் மெர்லினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “நல்லாக் கேளுங்க பெரியம்மா,” என்றாள்.

அதோடு இருவருக்கும் ஒட்டிக்கொண்டது. இரண்டு மணி நேரம் சண்முகவடிவு இடுப்பை நீவினாள், வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள், தன் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கவும் விட்டாள். “இன்னைக்கு ராத்திரி பூரா உன்கூடத்தான் தாயி,” என்று வாக்கும் கொடுத்தாள். ஜெனோவா மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு பெரிய வலி வந்தது. படுத்திருந்த மெர்லின் முழங்கால்களை இறுக்கிக்கொண்டு, சண்முகவடிவின் காதோரத்தில் அந்தச் சத்தத்தை எழுப்பினாள்.

பளார்.

“வாயை மூடு! காலை விரி! புருஷன்கிட்ட போறப்ப இனிச்சுதோ?”

யார் பேசியது என்று சண்முகவடிவு திரும்பிப் பார்த்தாள். அறையில் திறந்திருந்தது அவள் வாய் மட்டும்தான்.

மெர்லினின் தொடையில் நான்கு விரல் பதிந்திருந்தது. சத்தம் பாதியிலேயே அறுந்து போயிருந்தது. சண்முகவடிவுக்கு நன்கு பழக்கமான அமைதி அது. அதைத்தான் அத்தனை வருஷமும் ஒழுங்கு என்று நினைத்திருந்தாள்.

“ஐயோ டீச்சர்... நான் இல்லை. கை... தானா எழும்பிட்டு...”

ஜெனோவா எழுந்து வந்தாள். அந்த வலது கையைப் பிடித்து, சண்முகவடிவின் கன்னத்திலேயே வைத்தாள்.

“சுடுதா?”

“சுடுது.”

“அங்கயும் சுடும்.”

சண்முகவடிவு கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டாள். “மன்னிச்சிரு தாயி. என்னை நாலு அடி அடி.”

மெர்லின் கால்களை மடக்கி இழுத்துக்கொண்டாள். “வெளிய போங்க.”

“இனி கை நீளாது. வேணும்னா கட்டிப்போட்டுக்கிடுதேன்.”

“எனக்குக் கத்தணும் பெரியம்மா. உங்களைப் பாத்தா சத்தம் வரமாட்டேங்குது. போங்க.”

அடுத்த வலி ஏறிக்கொண்டிருந்தது. மெர்லின் உதட்டைக் கடித்துக்கொண்டாள். உதட்டில் ரத்தம் கசிந்தது.

சண்முகவடிவு எழுந்தாள். கால் நகரவில்லை. “நீங்க சொல்லுங்க டீச்சர். ராத்திரி பூரா இருக்கேன்னு வாக்குக் குடுத்தேனே. விட்டுட்டுப் போயிட்டா நான் என்ன துணை?”

ஜெனோவா அவள் தோளைப் பிடித்து நிலைவாசல் வரை கூட்டிவந்தாள்.

“இதுவரைக்கும் நீங்களா குடுத்தீங்க வடிவக்கா. அவ வாய்விட்டுக் கேட்டது இது ஒண்ணுதான்.”

சண்முகவடிவு வெளியே கால்வைத்தாள். கதவு சாத்திக்கொண்டது. உள்ளேயிருந்து தாழ்ப்பாள் விழுந்தது.