ஒரே நாளில் விட்டவர்

“அந்தத் தவசிப் பயலை மடத்தை விட்டே அனுப்பிடுங்கம்மா,” என்றார் ஏகாம்பரம்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

“மூணாவது தடவை ஓடியிருக்கான். பழைய சூளையில உக்காந்து கஞ்சா அடிச்சுக்கிட்டு இருக்கான். கண்ணால பாத்துட்டு வந்து சொல்றேன். இவனெல்லாம் திருந்துற ஜென்மமா?”

எங்கள் மடத்தைப் பற்றி நானே பெருமையடித்தால் நன்றாக இருக்காது. ஆனாலும் சொல்கிறேன், கேளுங்கள். போதையை விட முடியாமல் தவிக்கிறவர்களை ஒரு கேள்வியும் கேட்காமல் சேர்த்துக்கொள்ளும் மடம் இந்த மலையடிவாரத்திலேயே இது ஒன்றுதான். தொடங்கியவர் அம்மா. அவருக்கு ஐம்பது வயது. முதல் சீடர் ஏகாம்பரம். அவருக்கு அறுபது. நான் மடப்பள்ளியில் சமைக்கிறவன்.

ஏகாம்பரத்தின் பெருமைதான் மடத்தின் பெருமை. பத்தொன்பது வருடம் கஞ்சா குடித்தவர், ஒரே நாளில் விட்டார். காலைப் பிரார்த்தனை முடிந்ததும் எல்லோரையும் உட்கார வைத்து அதைச் சொல்வார். “விட்டேன்! திரும்பிப் பாக்கல!” என்பார். கேட்டுக் கேட்டுப் பழகிய எனக்கே சிலிர்க்கும்.

“நீங்க எப்படி விட்டீங்க, ஏகாம்பரம்?” என்று கேட்டார் அம்மா.

“வைராக்கியம்மா. உங்களுக்குத் தெரியாததா?”

“தெரியும்.”

அம்மா முறத்தைத் தள்ளி வைத்தார்.

“தவசிக்கு என்ன பழக்கம்?”

“கஞ்சாதான்.”

“வேற?”

“பீடி.”

“வேற?”

“வேற ஒண்ணும் இல்லம்மா. குடி கிடையாது.”

“எட்டு மாசமா மடத்துல இருக்கான். இங்க யாரு அவனுக்குப் பழக்கம்?”

ஏகாம்பரம் திரும்பி என்னைப் பார்த்தார். நான் அடுப்பைப் பார்த்தேன். எட்டு மாதமாக அவனுக்குச் சோறு போடுகிறேன். உன் ஊர் எதுப்பா என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது.

“ஏன் போறான்னு அவன்கிட்டயே போய்க் கேளுங்க. அவன் பேசும்போது குறுக்க பேசாதீங்க. கேட்டுட்டு வந்து, அப்பவும் அனுப்பணும்னு நீங்க சொன்னா அனுப்பிடறேன். அதுக்கப்புறம் அவனுக்கு இந்தக் கதவு கிடையாது.”

அம்மா வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தையா? மடமும் இல்லையென்றால் தவசிக்கு அந்தச் சூளைதான் கதி. போன மாதம்தான் அங்கே ஒருவன் செத்துக் கிடந்தான்.

“நீயும் கூடப் போ,” என்றார் அம்மா என்னிடம். “சோறு கட்டி எடுத்துக்கோ. ஒருத்தனும் சாப்பிட்டிருக்க மாட்டான்.”

மூடி நாலு வருடமான செங்கல் சூளை அது. மத்தியான வெயில் மண்டையைப் பிளந்தது. இடிந்த சுவரின் நிழலில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவன் தவசி. எங்களைக் கண்டதும் தலையைக் குனிந்துகொண்டான்.

மற்ற மூன்று பேரும் நாங்கள் யார், எவர் என்று விசாரிக்கவில்லை. நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டார்கள்.

“உக்காருங்கய்யா, வெயில்ல நிக்கிறீங்களே.”

ஏகாம்பரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு உட்கார்ந்தார்.

“ஏன்டா தவசி?”

அவ்வளவுதான் கேட்டார். மனுஷர் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார்.

“நான் சங்கரன்கோவில் பக்கம்யா. செங்கல் அறுக்க இந்தச் சூளைக்கு வந்தேன். ஆறு மாசம் ஒருத்தரும் பேர் சொல்லிக் கூப்பிடல. ‘ஏ தெக்கத்தியான்’னுதான் கூப்பிடுவாக. இவுகதான் ஒரு நாள், ‘தவசி, இங்கன வந்து உக்காரு’ன்னாக. எம் பேரக் கேட்டதும் ஓடி வந்து உக்காந்துட்டேன். அன்னைக்குக் கையில என்னத்தக் குடுத்திருந்தாலும் வாங்கியிருப்பேன்யா.”

“சரி. அப்புறம் விட வேண்டியதுதானே?”

“மொதல்ல இவுகளுக்காக அத அடிச்சேன். இப்ப அதுக்காக இவுககிட்ட வாரேன். ரெண்டு நாள் இல்லன்னா தூக்கம் வரல, சோறு எறங்கல. யாரப் பாத்தாலும் எரிஞ்சு விழுதேன்.”

“உள்ளதத்தான் சொல்றான்,” என்றான் பக்கத்தில் இருந்தவன்.

“மடத்துல என்னடா குறை? சோறு இல்லையா, மருந்து இல்லையா?”

“ஒரு குறையும் இல்லய்யா.” தவசி தயங்கினான். “நீங்கதான்.”

“நானா?”

“தெனமும் காலையில, ஒரே நாள்ல விட்டதச் சொல்லுதீக. நான் ரெண்டு மாசம் எப்படியோ இருந்துருவேன். மூணாம் மாசம் ஆச வரும். அய்யா ஒரே நாள்ல விட்டாக, நமக்கு இன்னும் ஆச வருதே, நாமெல்லாம் மனுசப் பெறவியே இல்லன்னு தோணும். அந்த நெனப்போட அங்க இருக்க முடியலய்யா. இங்கன வந்துட்டா ஒருத்தரவிட ஒருத்தர் ஒசத்தி கெடையாது.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏகாம்பரம் முகம் சிவக்க எழுந்தார். மடத்துப் பக்கம் நாலு எட்டு நடந்தார். போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தவசி கதை முடிந்தது.

நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்தார்.

“நான் ஒரே நாள்ல விடலடா.”

“என்னய்யா சொல்லுதீக?”

“ஆறு தடவை ஓடினேன். ஆறு தடவையும் அம்மாதான் தேடி வந்தாங்க. வந்து பக்கத்துல உக்காருவாங்க. ஏன் போனீங்கன்னு ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க. ஆறாவது தடவை திரும்பி வந்த அன்னைக்குக் கஞ்சாவ விட்டேன் பாரு, அதைத்தான் ஒரே நாள்னு சொல்லிக்கிட்டுத் திரியறேன்.” கீழே கிடந்த செங்கல் துண்டை உருட்டினார். “முன்னாடி ஓடினதை ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல. எனக்குக் கேவலமா இருந்துச்சு.”

பதினைந்து வருடமாக அந்த ஒரே நாள் கதையைச் சொல்லி வருகிறார்! இத்தனையும் தெரிந்தும் அம்மா அவரை எங்கள் முன்னால் ஒரு நாள் விட்டுக்கொடுத்ததில்லை. அப்பேர்ப்பட்டவர் எங்கள் அம்மா.

தவசி தலை நிமிர்ந்து ஏகாம்பரத்தைப் பார்த்தான்.

“ஆறா?”

“ஆறு.”

“எனக்கு மூணுதான்யா.”

“ஆமாடா. மூணுதான்.”

தவசி எழுந்து நின்று வேட்டியில் ஒட்டியிருந்த செம்மண்ணைத் தட்டினான். நான் சோற்றுப் பொட்டலங்களை மற்றவர்களின் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். அவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றிருந்தான்.

“அப்ப உங்களவிட நான் கெட்டிதான்யா,” என்றான். “வாங்க, போவோம்.”