அட்டை இல்லாத ஏரி

எரிமலை அடிவாரக் காட்டில் ஓர் எருமை இருந்தது. அதற்கு ஒரு கன்று. முதுகில் உண்ணி பொறுக்க ஒரு கொக்கு.

காட்டுக் குளத்தில் அட்டை அதிகம். கன்றின் காலில் தினமும் நாலைந்து ஒட்டிக்கொள்ளும். கன்று கத்தும். எருமைக்குப் பொறுக்கவில்லை.

ஒருநாள் காக்கை வந்தது.

"அக்கா! மலை உச்சியில ஒரு ஏரி பார்த்தேன். மயில் கழுத்து நிறம்! அட்டை கிடையாது. ஈ கிடையாது. தவளைச் சத்தம்கூடக் கிடையாது!"

காக்கை பார்த்தது நிஜம்தான். பறந்தபடி பார்த்தது. இறங்கிப் பார்க்கவில்லை.

"இன்னைக்கே அங்கே குடி போறோம்!" என்றது எருமை.

முதுகில் இருந்த கொக்கு கழுத்தை நீட்டியது. "வேண்டாம் அக்கா. தவளைகூட இல்லாத தண்ணி என்ன தண்ணி? அதுல ஏதோ கோளாறு இருக்கு."

"கோளாறு தண்ணியில இல்லைடி, உன் வயித்துல! அங்கே உண்ணி கிடைக்காது. அதான் தடுக்கிறே!"

"என் வயிறு காயும்தான். அதுக்காக நான் சொல்றது பொய்யாயிடுமா?"

"வாயாடாதே! முதுகை விட்டு இறங்கு!"

கொக்கு இறங்கியது. ஆனால் போய்விடவில்லை. பின்னாலேயே பறந்தது.

ஏற ஏற மரங்கள் குறைந்தன. பிறகு புல் இல்லை. பிறகு எறும்புகூட இல்லை.

"பார்த்தியாடா, எவ்வளவு சுத்தம்!" என்று கன்றிடம் பெருமையடித்தது எருமை.

உச்சியில் பெரும் பள்ளம். அதன் அடியில் ஏரி. காக்கை சொன்ன அதே நிறம். கரையோரப் பாறை வெடிப்புகளில் புகை வந்துகொண்டிருந்தது. சில மனிதர்கள் ஈரத்துணியால் வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டு, மஞ்சள் கந்தகத்தைக் கடப்பாரையால் பெயர்த்தார்கள். கந்தகம் சுமந்த கழுதை ஒன்று எதிரே ஏறி வந்தது.

"எங்கே இந்தப் பக்கம்?" என்றது கழுதை.

"குளிக்க!"

கழுதை அப்படியே நின்றுவிட்டது. "குளிக்கவா? புத்தி கெட்டுப்போச்சா? அது முழுக்க அமிலம்! அதுல மொண்ட இரும்பு வாளி பத்தே நாள்ல ஓட்டையாயிடுச்சு. எங்கே உன் பிள்ளை? கூப்பிடு அவனை!"

கன்று எப்போதோ கீழே ஓடிவிட்டது.

"அம்மா! எரியுதே!"

ஏரியில் ஒரு காலைத்தான் வைத்திருந்தது. அதற்குள் துள்ளிக் குதித்தது. எங்கே ஓடுகிறோம் என்று பார்க்கவில்லை. பக்கத்தில் புகை தேங்கிய குழிக்குள் போய் விழுந்தது. கத்தல் நின்றுபோனது.

எருமை பாய்ந்து ஓடியது. கழுதை பின்னாலேயே ஓடிக் குறுக்கே நின்றது.

"நில்லு! அது நச்சுப் புகை. ஒரு மூச்சு இழுத்தா நீயும் படுத்துடுவே!"

"என் பிள்ளை உள்ளே கிடக்கிறான்! வழியை விடு!"

"போகாதேன்னு நான் சொல்லலை. மூச்சு இழுக்காதேன்னுதான் சொல்றேன். குளத்துல முங்குவியே, அப்படிப் போ!"

எருமைக்கு முங்கச் சொல்லித் தர வேண்டுமா? நெஞ்சு நிறைய மூச்சைப் பிடித்தது. மூக்கை இறுக்கியது. இறங்கிவிட்டது.

புகையில் கண் எரிந்தது. கண்ணையும் மூடிக்கொண்டது. முகத்தால் துழாவியது. கன்று தட்டுப்பட்டது. கொம்பை வயிற்றுக்கு அடியில் கொடுத்துத் தூக்கியது. திரும்பியது. எந்தப் பக்கம் வந்தோம்? தெரியவில்லை. நெஞ்சு வெடித்துவிடும்போல் இருந்தது.

"அக்கா! இங்கே! என் சத்தம் வர்ற பக்கமா வா!"

கொக்கு! குழியின் விளிம்பில் நின்று தொண்டை கிழியக் கத்தியது.

எருமை ஓர் அடி வைத்தது. சறுக்கியது. இன்னோர் அடி.

"இன்னும் நாலே அடி! பிள்ளையை விட்டுடாதே!"

வெளியே வந்து விழுந்த பிறகுதான் எருமை மூச்சு விட்டது.

கன்று அசையவில்லை.

கந்தகம் எடுப்பவர்களில் ஒருவர் வாளியோடு ஓடி வந்தார். கந்தகப் புகை வரும் சூடான குழாய்களின்மேல் ஊற்றிக் குளிரவைக்க அடிவாரத்திலிருந்து கொண்டுவந்த நல்ல தண்ணீர் அது. கன்றின் காலைக் கழுவினார். முகத்தில் தண்ணீர் அடித்தார். மறுபடியும் அடித்தார்.

கன்று தும்மியது. இருமியது. ஒரு கண்ணைத் திறந்தது.

"அம்மா, பசிக்குது!"

கழுதை பல்லெல்லாம் தெரியச் சிரித்தது. "பசிக்குதாம்! அப்படின்னா பிழைச்சுட்டான்!"

எருமை கன்றை நக்கியது. நக்கிக்கொண்டே இருந்தது. பிறகு கொக்கைப் பார்த்தது.

"உன்னைக் கண்டபடி திட்டினேனே."

"திட்டினே."

"பிறகு எதுக்குடி கூடவே வந்தே?"

"அழுகையெல்லாம் கீழே போய் வெச்சுக்கலாம். காத்து திரும்புது. கிளம்பு!"

கிளம்பின. முதல் புல் தெரிந்த இடத்திலேயே நொண்டிக் கன்று தாயின் மடியை முட்டி முட்டிக் குடித்தது. கொக்கு எருமையின் முதுகில் ஏறி உட்கார்ந்தது. யாரும் இறங்கச் சொல்லவில்லை.

எச்சரிப்பவனுக்கு அதில் லாபம் உண்டா என்று பார்க்காதே. அவன் சொல்வது சரியா என்று பார்.