வெறுந்தண்ணீர்க் குழாய்

தெற்கே ஒரு பல்கலைக்கழகத்தில் ஒரு குருவும் ஒரு சிஷ்யரும் இருந்தார்கள். சிஷ்யருக்குத் தலை நரைத்திருந்தது. குருவுக்கு இன்னும் நரைக்கவில்லை. காலம் அப்படி.

சிஷ்யர் ஆவுடையப்பன் நாங்குநேரிப் பக்கம் வேதியியல் வாத்தியாராக இருந்தவர். உயிர் முதன்முதலில் எப்படி வந்தது என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. நிலையான உத்தியோகத்தை உதறிவிட்டு டாக்டர் பியூலாவிடம் ஆய்வுக்குச் சேர்ந்துவிட்டார். ஊர் சிரித்தது. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா?

பியூலா கொடுத்த வேலை கேட்பதற்கு எளிது. நம் செல்களுக்குள் ஆர்.என்.ஏ. என்றொரு சங்கிலி இருக்கிறது. நான்கே நான்கு வகைக் கண்ணிகள் மாறி மாறிக் கோத்தது. உயிரே அதிலிருந்துதான் தொடங்கியிருக்கும் என்பது சிலருடைய எண்ணம். ஆதியில் பாறைக்குழியில் தேங்கிய வெந்நீர் காய்ந்தும் நனைந்தும் கிடந்தபோது கண்ணிகள் தாமாகவே கோத்துக்கொண்டனவாம். அதைக் குழாய்க்குள் செய்து பார்க்க வேண்டும். கண்ணிகளைத் தண்ணீரில் கரை, சூட்டில் காயவை, தண்ணீர் விடு, மறுபடியும் காயவை.

கண்ணிகள் அசைந்து கொடுக்கவில்லை. ஆவுடையப்பன் மூடியைத் திறந்து திறந்து பார்ப்பார். "கோத்துக்கோ ராசா" என்று கெஞ்சவும் செய்வார். திங்கட்கிழமை ஆய்வை எடைபோடும் கமிட்டி கூடுகிறது. காட்டுவதற்கு ஒன்றுமில்லை என்றால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை, குழாயில் இருப்பதை ஓட்டிப் பார்க்கும் ஜெல் பாளத்தில் ஒரு கோடு விழுந்தது. நீளச் சங்கிலி இருந்தால்தான் அந்த இடத்தில் கோடு விழும். ஆவுடையப்பன் தலைகால் புரியாமல் ஓடினார்.

"மேடம்! கோத்துக்கிட்டு!"

பியூலா ஜெல்லின் படத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"வெறுந்தண்ணிக் குழாயை ஓட்டுனீங்களா?"

கண்ணியே போடாமல் தண்ணீர் மட்டும் விட்ட குழாய் அது. சும்மா ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைப்பது.

"அதுல என்ன மேடம் இருக்கப்போவுது?"

"ஓட்டிட்டு வாங்க."

ஓட்டினார். அதிலும் அதே கோடு.

கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் ஆகிவிட்டது அவருக்கு. பூவே இல்லாமல் மாலை எப்படி வரும்? படத்தைத் தலைகீழாகக்கூடத் திருப்பிப் பார்த்தார். கோடு அப்படியேதான் இருந்தது.

எல்லாக் குழாய்க்கும் தண்ணீர் விட்ட பாட்டிலைப் பியூலா எடுத்து மேசைமேல் வைத்தார். மூடியில் காய்ந்த சந்தனம், நடுவில் குங்குமம்.

"யாரு வச்சது?"

"நான்தான் மேடம். ஆயுத பூஜைக்கு. எல்லாத்துக்கும் வச்சேன். பாட்டிலை மட்டும் விட மனசு வரல. வழிஞ்சு வாய்ல இறங்கிட்டு. துடைச்சேனே!"

"எதால?"

ஆவுடையப்பன் தன் விரலைப் பார்த்தார்.

பியூலா அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்து, அவரைக் குனியச் சொன்னார். உள்ளே சின்னச் சின்னதாய் என்னென்னவோ நெளிந்துகொண்டிருந்தன. ஒன்றிரண்டல்ல, ஒரு திருவிழாக் கூட்டம்.

"இந்தக் கிருமிங்க உடம்புக்குள்ள இருக்கிறதுதான் அந்தச் சங்கிலியா?"

"ஆமா."

"அப்ப அந்தக் கோடு பொய்யா மேடம்?"

"மெய்தான்."

"நான் ஜெயிச்சிட்டனா?"

"இல்ல."

"ஒண்ணும் புரியலியே! இதுங்க எங்கேருந்து வந்துச்சு?"

"உங்க விரல்லேருந்து."

"விரலுக்கு?"

"உங்க அம்மா தூக்குனாங்க. அவங்களை அவங்க அம்மா தூக்குனாங்க."

"அதுக்கும் முன்னால? எல்லாத்துக்கும் முன்னால?"

"அதைத்தான சார் தேடுதோம்."

ஆவுடையப்பன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உயிர் எங்கே தொடங்கியது என்று பார்க்க உயிரில்லாத ஒரு சொட்டுத் தண்ணீர் வேண்டும். அதைத் தொட்டுப் பார்க்கப் போகிற கையோ உயிருள்ள கை. நினைக்க நினைக்கத் தலை சுற்றியது.

"மேடம், கேக்குதேன்னு தப்பா நினைக்காதீங்க. திங்கக்கிழமை முதல் படத்தை மட்டும் காட்டுனா? வேலையை விட்டுட்டு வந்தவன் மேடம் நான். வெறுங்கையோட ஊருக்குப் போவ முடியாது."

பியூலா திட்டவில்லை. இரண்டு படங்களையும் அவர் கையிலேயே கொடுத்தார். மைக்ராஸ்கோப்பின் விளக்கை அணைத்துவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார். ஆவுடையப்பனுக்கு அழுகை வந்தது. கன்னத்தில் இரண்டு அறை வாங்கியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

திங்கட்கிழமை கமிட்டி முன்னால் போய் நின்றார். முதல் படத்தை வைத்தார். எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். கொஞ்சம் நின்று, வெறுந்தண்ணீர்க் குழாயின் படத்தையும் பக்கத்தில் வைத்தார்.

"வெறுந்தண்ணியில கோடா? இது யாரோட உயிருய்யா?" என்றார் கமிட்டித் தலைவர்.

"என்னோடதுதான் சார்" என்றார் ஆவுடையப்பன்.

கமிட்டியே சிரித்தது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பொய் சொல்ல வந்த ஆள் இரண்டாவது படத்தைக் கொண்டுவர மாட்டான் என்று பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்தார். இன்னொரு முறை செய்து பார்க்கட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள்.

மறுநாள் காலை, கொதிக்கவைத்து ஆறவைத்த புதுத் தண்ணீர். புதுக் கண்ணிகள், புதுக் குழாய்கள். பியூலா அடுக்கிக்கொண்டிருந்தார். ஆவுடையப்பன் கையுறையை மாட்டிக்கொண்டு, மூக்கு மூடியில் இடிக்கும் அளவுக்குக் குனிந்து நின்றார்.

"மேடம், இந்தத் தடவையாவது உயிர் எப்படித் தொடங்குதுன்னு நான் பாத்துரணும். என்ன செய்யட்டும், சொல்லுங்க."

பியூலா நிமிரவில்லை.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க, சார்."