ஓடாத வரிகள்

மங்கையர்க்கரசியிடம் சி என்ற கம்ப்யூட்டர் மொழி கற்க வந்தவர்களில் இருதயராஜ் மட்டும்தான் அவரைவிட வயதில் மூத்தவர்.

மலையில் உள்ள மருந்தகங்களின் பழைய கம்ப்யூட்டர்களுக்காக அவர்கள் ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தார்கள். நோயாளியின் பெயரையும் மருந்தின் அளவையும் அது திரையில் காட்டும். பெயரை நகலெடுக்கும் ஃபங்ஷன் என்ற வரித்தொகுப்பு புதிய கம்ப்யூட்டர்களில் கூடவே வந்துவிடும். பழையவற்றில் கிடையாது. அது இல்லாத இடத்தில் மட்டும் ஓடுவதற்காக இருதயராஜ் ஒரு மாற்று எழுதியிருந்தார்.

"முடிந்தது மேடம். டெஸ்ட் எல்லாமே பச்சை. மாலை ஜீப் மலைக்குக் கிளம்புகிறது, கொடுத்தனுப்பிவிடலாமா?"

"எதில் ஓட்டிப் பார்த்தீர்கள்?"

"என் லேப்டாப்பில்தான். புதுசு."

மங்கையர்க்கரசி திரையைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். அந்தப் பார்வை இருதயராஜுக்குப் பிடிக்கவில்லை.

"வேறு யாராவது எழுதியிருந்தால் இந்நேரம் சரி சொல்லியிருப்பீர்கள்."

"உங்கள் ஃபங்ஷனைத் திறங்கள் சார். உள்ளே இருக்கும் வரிகளையெல்லாம் அழியுங்கள்."

"எதற்கு?"

"அழியுங்கள்."

இருதயராஜ் முதலில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டார். மங்கையர்க்கரசி அதைக் கவனித்தார்.

"இப்போது டெஸ்டை ஓட்டுங்கள்."

"வெறும் கூடு மேடம். எப்படிப் பாஸாகும்?"

எல்லாமே பச்சை.

மறுபடி ஓட்டினார். பச்சை.

"நீங்கள் எதையோ மாற்றி வைத்திருக்கிறீர்கள்."

"நான் கீபோர்டைத் தொடவேயில்லை சார்."

இருதயராஜ் அந்த வெறும் கூட்டை மறுபடி பார்த்தார்.

"அப்படியானால் இத்தனை நாளும் ஓடியது?"

"லேப்டாப்போடு வந்த ஃபங்ஷன். அது இருக்கும்போது உங்களுடையதை யார் கூப்பிடுவார்கள்? அழித்ததைத் திரும்பப் போடுங்கள். அந்த ஃபங்ஷன் இந்த லேப்டாப்பில் இல்லை என்று புரோகிராமிடம் பொய் சொல்லுங்கள்."

சொன்னார். ஒரு டெஸ்ட் சிவந்தது.

நீளமான பெயர் ஒன்று. பெயருக்கான இடம் நிறைந்ததும், முடிவைக் குறிக்கும் சுழியத்தை அவருடைய ஃபங்ஷன் ஒரு கட்டம் தள்ளி வைத்திருந்தது. அந்தக் கட்டத்தில்தான் மருந்தின் அளவு இருந்தது. திரையில் பெயருக்குப் பக்கத்தில் அளவு 0 என்று வந்தது.

இருதயராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தவறிய வரியைத் திருத்தினார். பொய்யை அப்படியே விட்டுவைத்து மறுபடி ஓட்டினார். பச்சை.

"இப்போதாவது என் மேல் இருந்த சந்தேகம் போயிற்றா மேடம்?"

"இப்போதுதான் சார் வருகிறது. இதுவரை சந்தேகப்படுவதற்கு, நீங்கள் எழுதிய ஒரு வரிகூட ஓடவில்லையே."